நாளுக்கு இரண்டு டன் தவிடு: எதை ஊற்றிப் பிரிப்பது?

மன்னார்குடிப் பக்கம் ரைஸ் மில் நடத்தும் நண்பர் ஒருவர், தொழில் கண்காட்சியில் வாங்கிய விளம்பரத் தாள்களை ஒரு கத்தையாகத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஒரு தாளில் கரியமில வாயு இயந்திரம், ஒன்றில் அல்ட்ராசவுண்டு, இன்னொன்றில் நொதிகள். எல்லாவற்றின் மூலையிலும் ஒரு பச்சை இலை. "லாரிக்காரர் சொல்ற விலைக்கே தவிட்டைக் குடுத்துக் குடுத்து அலுத்துப்போச்சு. அதுலேர்ந்து மருந்துச் சரக்கெல்லாம் எடுக்கிறாங்களாமே, இதுல எதைப் போடலாம்னு சொல்லுங்க" என்றார்.

நான் உணவுப் பதப்படுத்தல் படித்தவன், மில் நடத்தியவன் இல்லை. அதனால் இயந்திரத்துக்குப் போகும் முன் அவருடைய மில்லைப் பற்றிக் கேட்டேன். மணிக்கு 2 டன் நெல், நாளுக்கு 16 மணி நேர ஓட்டம். ஆக 32 டன். அதில் ஐந்தில் ஒரு பங்கு உமி, அதாவது 6.4 டன். தவிடு 6 சதவீதம் என்று வைத்தால் 1.9 டன். நெல்லில் முக்கால் பங்கு புழுங்கல், கால் பங்கு பச்சை.

அந்த 1.9 டன்னுக்குள் என்ன இருக்கிறது? புழுங்கல் தவிட்டில் எண்ணெய் 20 சதவீதத்துக்கு மேல் போகும். பச்சரிசித் தவிட்டில் 12 முதல் 18 வரை. சராசரியாக 20 என்று தாராளமாகவே வைத்தால் 380 கிலோ கச்சா எண்ணெய். கச்சா தவிட்டெண்ணெயில் 1 முதல் 2 சதவீதம் காமா ஒரைசனால் இருக்கும், நண்பர் கேட்ட மருந்துச் சரக்கு அதுதான். நடுவாக ஒன்றரை என்று வைத்தால் 5.7 கிலோ. வைட்டமின் ஈ வகையறா சில நூறு கிராம். கொஞ்சம் மெழுகு. எண்ணெய் போன பிறகு மிஞ்சும் ஒன்றரை டன்னில் புரதம், நார், ஃபைட்டிக் அமிலம், செல் சுவரோடு ஒட்டிக்கிடக்கும் ஃபெருலிக் அமிலம்.

இவை எதுவும் புதுக் கண்டுபிடிப்பல்ல. பெரிபெரி நோய்க்கு மருந்தாகும் ஒரு பொருளை உமெதாரோ சுசுகி 1910இல் தவிட்டிலிருந்துதான் பிரித்தார். இன்று அதை வைட்டமின் பி1 என்கிறோம். ஒரைசனாலும் ஜப்பானில்தான், 1954இல் தவிட்டெண்ணெயிலிருந்து பிரிக்கப்பட்டது. அது ஒற்றைப் பொருள் இல்லை. ஃபெருலிக் அமிலம் பலவகை ஸ்டெரால்களோடு சேர்ந்த கலவை. அங்கே மருந்தாகவும் அழகுப் பொருள்களிலும் பல பத்தாண்டுகளாகப் புழங்குகிறது. அதைக் காரத்தில் உடைத்தால் ஃபெருலிக் அமிலம் கிடைக்கும். அந்த அமிலத்தை நுண்ணுயிர்களுக்குக் கொடுத்தால் வனிலின். ஐஸ்கிரீமில் இயற்கை வனிலா மணம் என்று விற்பதில் ஒரு பகுதி இப்படித் தவிட்டு வழியாக வந்ததுதான்.

ஆனால் நண்பரிடம் இருப்பது நாளுக்கு ஆறு கிலோ கூட இல்லை. விளம்பரத் தாள்கள் இந்த எண்ணைச் சொல்வதில்லை. அந்த ஆறு கிலோவை எடுக்க எத்தனை டன் எதைச் சுழற்ற வேண்டும், எதை ஆவியாக்க வேண்டும் என்பதும் அவற்றில் இருக்காது. அதைத்தான் இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

இயந்திரத்துக்கு முன்னால் தொட்டி

அதற்கு முன் ஒரு விஷயம். அரிசியைத் தீட்டும்போது தவிட்டின் எண்ணெயும் லைபேஸ் என்ற நொதியும் முதல்முறையாக ஒன்றையொன்று தொடுகின்றன. நெல்லுக்குள் தனித்தனி அறைகளில் இருந்தவை அவை. தொட்ட நிமிடத்திலிருந்து எண்ணெய் உடைந்து கொழுப்பமிலமாக மாறத் தொடங்கும். பச்சரிசித் தவிட்டில் ஆரம்ப நாட்களில் நாளொன்றுக்கு 5 முதல் 7 சதவீதம் வரை இந்தத் தனிக் கொழுப்பமிலம் ஏறும். 10 சதவீதத்தைத் தாண்டினாலே சமையல் எண்ணெயாக்குவது நட்டக் கணக்காகிவிடும். ஒரு வாரம் கிடந்த தவிடு சோப்புக்குத்தான் லாயக்கு.

புழுங்கல் தவிடு வேறு ரகம். நெல்லை அவிக்கும்போதே லைபேஸ் செத்துவிடுகிறது. அவிந்த அரிசி கெட்டிப்பட்டுவிடுவதால் தீட்டும்போது மாவும் அதிகம் கலப்பதில்லை. எண்ணெய்ச் சதவீதம் கூடுதலாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அவித்ததில் எண்ணெயைக் காக்கும் ஆக்சிஜன் தடுப்பான்கள் கொஞ்சம் குறைந்துவிடும். எனவே நொதியால் கெடாது, காற்றுப் பட்டுக் காறலாகும். மெதுவாகத்தான்.

நண்பரின் மில்லில் இரண்டு தவிடும் ஒரே தொட்டியில்தான் விழுகின்றன! கால் பங்குப் பச்சைத் தவிடு மொத்தச் சரக்கின் அமில அளவையும் உயர்த்திவிடுகிறது. லாரிக்காரர் விலையை அடிப்பது எதனால் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. எந்தப் பசுமைத் தொழில்நுட்பத்துக்கும் முன்னால் அவர் வாங்க வேண்டியது இன்னொரு தொட்டி.

பச்சைத் தவிட்டையும் மதிப்புள்ள சரக்காக்க வேண்டுமென்றால் தீட்டிய சில மணி நேரத்துக்குள் அதை 125, 130 டிகிரியில் எக்ஸ்ட்ரூடரில், அதாவது சூட்டோடு அழுத்திப் பிதுக்கும் இயந்திரத்தில், தள்ளி எடுக்க வேண்டும். சில விநாடிச் சூடு போதும், லைபேஸ் அடங்கிவிடும். கூடவே தவிடு சின்னச் சின்ன உருண்டைகளாகவும் வரும். இது வெறும் கூடுதல் வசதி இல்லை. தவிட்டில் நுண்தூள் அதிகம். அப்படியே எந்தத் திரவத்தை ஊற்றினாலும் சேறாகி அடைத்துக்கொள்ளும், வடிகட்டவும் முடியாது. உருண்டையாக இருந்தால்தான் திரவம் ஊடுருவி இறங்கும். ஈரமும் குறையும். அந்த ஈரத்தின் அருமை எரிசாராயத்தைப் பற்றிப் பேசும்போது தெரியும்.

இப்போது நடப்பது: ஹெக்சேன்

லாரியில் போகும் தவிடு, ஹெக்சேன் என்ற கரைப்பானை ஊற்றி எண்ணெயைப் பிரிக்கும் ஆலைக்குத்தான் போகிறது. இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டன் தவிட்டெண்ணெய் வருகிறது என்றால் அது இந்த வழியில்தான். தவிட்டைச் செக்கில் ஆட்டுவது சரிப்பட்டு வராது. எள், கடலை மாதிரி எண்ணெய் நிறைந்த வித்து இல்லை இது. பிழியப் பிழியப் பாதிக்கு மேல் பிண்ணாக்கிலேயே நின்றுவிடும்.

ஹெக்சேனைத் திட்டுவது எளிது. பெட்ரோலியத்திலிருந்து வருவது, பூஜ்யத்துக்குக் கீழே 22 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியைத் தருவது, காற்றைவிடக் கனமான அந்த ஆவி தரையோடு தவழ்ந்து எங்கோ இருக்கும் தீப்பொறியைத் தேடிப் போகும். நாள்பட்ட சுவாசத்தில் கை கால் நரம்புகளைப் பாதிக்கும். ஆனால் எண்ணெயைக் கரைப்பதில் அதற்கு நிகர் இல்லை. 69 டிகிரியில் கொதித்துவிடும். ஒரு கிலோவை ஆவியாக்க 335 கிலோஜூல் போதும். எரிசாராயத்துக்கு 846, தண்ணீருக்கு 2257 தேவை. விற்கும் எண்ணெயில் ஹெக்சேன் மிச்சம் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு விதி. ஐரோப்பாவில் 1 மில்லிகிராம். ஒழுங்காக நடக்கும் ஆலைகளால் இதை எட்ட முடிகிறது.

இதன் இன்னொரு பக்கம், இது நண்பருக்கான வழியே இல்லை. நாளுக்கு 100, 200 டன் தவிடு வந்தால்தான் அத்தகைய ஆலை கட்டுப்படியாகும். வெடிபொருள் பாதுகாப்புத் துறை உரிமம், தீத்தடுப்பு இடைவெளி என்று இடமே ஏக்கர் கணக்கில் கேட்கும். ஆக அவருக்கு ஹெக்சேன் என்றால் தவிட்டை விற்பது என்று மட்டுமே பொருள். அதிலும் ஆலையின் லாபம் எண்ணெய் எடுத்த தவிடு எந்த விலைக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. 2023 ஜூலையில் கால்நடைத் தீவன விலையைக் காரணம் காட்டி அதன் ஏற்றுமதியை மத்திய அரசு நிறுத்தியபோது, தவிட்டுக்குக் கொடுக்கும் விலையில்தான் ஆலைகள் முதலில் கை வைத்தன என்று நண்பர் சொன்னார்.

கரியமில வாயு: அழகான பதில், வேறு யாருடைய கேள்விக்கோ

கத்தையில் மேலே இருந்தது இந்தத் தாள்தான், அவர் மனமும் இதில்தான். கரியமில வாயுவை 31 டிகிரிக்கு மேல் சூடாக்கி, ஏறத்தாழ 74 பார் அழுத்தத்துக்கு மேல் கொண்டுபோனால் அது வாயுவும் இல்லை, திரவமும் இல்லை. வாயுவைப் போல நுழையும், திரவத்தைப் போலக் கரைக்கும். வேலை முடிந்ததும் அழுத்தத்தை விட்டால் பறந்துவிடும், எண்ணெயில் எச்சமே இருக்காது. காபிக் கொட்டையிலிருந்து கஃபீனை நீக்க ஜெர்மனியில் 1970களில் தொழிலளவில் நிறுத்திக் காட்டிய முறை இது. நம் பக்கத்திலும் மசாலாச் சாறுகள் இப்படி எடுக்கப்படுகின்றன.

தவிட்டில் இதன் தரம் உண்மையிலேயே நன்றாக இருக்கும். 300 முதல் 500 பார் அழுத்தத்தில் ஹெக்சேனுக்கு இணையான அளவு எண்ணெய் வரும். எண்ணெயில் பிசினாகத் தங்கும் பாஸ்போலிப்பிடுகள் இதில் கரையாததால் பிசின் இல்லாத, நிறம் வெளுத்த எண்ணெய். அழுத்தத்தைப் படிப்படியாக மாற்றினால் ஒரைசனால் செறிந்த பகுதியைத் தனியாகவும் பிடிக்கலாம். மிஞ்சும் தவிடு மனிதர் உண்ணத்தக்க மாவு.

இப்போது அளவு. நண்பர் காட்டிய தாளில் 100 லிட்டர் கலன். உருட்டாத தவிடு அதில் 30, 35 கிலோதான் கொள்ளும். ஒரு ஈடு முடிய இரண்டரை மணி நேரம் என்றால் இரவு பகலாக ஓட்டினாலும் நாளுக்கு 300 கிலோவைத் தாண்டுவது கடினம். உருண்டையாக்கினால் கொஞ்சம் கூடும். ஒரு கிலோ தவிட்டுக்கு 30 கிலோ வாயு சுழல வேண்டும் என்று வைத்தால், 1.9 டன்னுக்கு 57 டன் வாயுவை நாள்தோறும் அழுத்தி, சூடாக்கி, விட்டு, குளிர்வித்து மறுபடி அழுத்த வேண்டும். இவ்வளவும் மின்சாரத்தில்.

எனக்கு இடறுவது அங்கேதான். ரைஸ் மில்காரரிடம் மலிவாக இருப்பது வெப்பம். உமி கொட்டிக்கிடக்கிறது, கொதிகலன் ஏற்கெனவே ஓடுகிறது. கரியமில வாயு முறையோ அந்த வெப்பத்தைச் சீண்டுவதே இல்லை. மின் கட்டணத்தைத்தான் தின்னும். முதலீடு கோடிகளில், 400 பார் கலனைத் திறந்து மூடி ஓட்டத் தேர்ந்த ஆள் வேண்டும், அடைப்பான் வளையம் தேய்ந்தால் மாற்று வெளியூரிலிருந்து வர வேண்டும். கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் விலை போகும் ஏலக்காய்ச் சாற்றுக்கு இது தாங்கும். நாளுக்கு 380 கிலோ சமையல் எண்ணெய்க்குத் தாங்காது.

ஒரு விதிவிலக்கு உண்டு. அங்கக விளைபொருள் சான்றுள்ள நெல்லாக இருந்தால் கதை மாறும். அங்கக விதிகளில் ஹெக்சேனுக்கு இடமில்லை, கரியமில வாயுவுக்கும் எரிசாராயத்துக்கும் உண்டு. அப்போதும் சொந்தமாக இயந்திரம் வாங்குவதைவிட, மசாலாவுக்காக ஏற்கெனவே கலன் வைத்திருப்பவரிடம் கூலிக்கு எடுத்துத் தரச் சொல்வதுதான் புத்திசாலித்தனம். அறுவடைக்கு ஒருமுறை ஓரிரு டன் அனுப்பினால் போதும், சந்தை இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

எரிசாராயம்: கொதிகலனுக்குப் பொருந்துகிறது, கணக்குப் புத்தகத்துக்கு?

எத்தனால், அதாவது எரிசாராயம், கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் வருவது. கொஞ்சம் மிச்சமிருந்தாலும் உடம்புக்குக் கேடில்லை. இது எண்ணெயைக் கரைக்கும் விதம்தான் வேடிக்கை. ஆறிய நிலையில் சோம்பேறி, 70 டிகிரியைத் தாண்டினால் சுறுசுறுப்பு. இந்தக் குணத்தையே வேலைக்கு வைக்கலாம். சூட்டில் கரைத்து, வடித்து, ஆறவிட்டால் எண்ணெய் பெரும்பகுதி அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். மேலே நிற்கும் சாராயத்தை அப்படியே அடுத்த ஈட்டுக்கு ஊற்றலாம். முழுவதையும் காய்ச்சி எடுக்கத் தேவையில்லை. தனிக் கொழுப்பமிலத்துக்குச் சாராயத்தின் மீது பிரியம் அதிகம். எனவே அதில் ஒரு பகுதி மேல் அடுக்கிலேயே தங்கி, எண்ணெய் சற்றுச் சுத்தமாக இறங்கும்.

எல்லாவற்றையும் காய்ச்சியே எடுத்தாலும் என்ன செலவாகும் என்று பார்ப்போம். ஒரு பங்கு தவிட்டுக்கு நான்கு பங்கு சாராயம் என்றால் நாளுக்கு 7.6 டன். அதை ஆவியாக்க 6400 மெகாஜூலுக்குச் சற்று மேல். ஒரு கிலோ உமியில் 14 மெகாஜூல், கொதிகலனில் அதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பயன் தரும் என்று வைத்தால், 700 கிலோ உமி. அவருடைய மில்லில் வரும் 6.4 டன் உமியில் இது 11 சதவீதம். நெல் அவிப்பதற்கும் உலர்த்துவதற்கும் போக மிஞ்சுவதிலேயே முடியும்.

இதுவரை நல்ல செய்தி. சிக்கல் இரண்டு இடத்தில்.

முதலாவது தண்ணீர். தவிட்டில் 10 சதவீத ஈரம் இருந்தால் ஒவ்வொரு நாளும் 190 கிலோ தண்ணீர் சாராயத்துக்குள் நுழைகிறது. சாராயம் நீர்த்தால் எண்ணெயைக் கரைக்கும் திறன் மளமளவென்று விழும், பதிலுக்குச் சர்க்கரையையும் வேண்டாத பலவற்றையும் இழுத்துவரும். சாதாரண வாலைவடித்தலில் 95.6 சதவீதத்துக்கு மேல் சாராயத்தைச் செறிவாக்க முடியாது. அதற்கு மேல் போக மூலக்கூறு சல்லடை என்று இன்னொரு கருவி வேண்டும். தவிட்டை முதலிலேயே 3 சதவீத ஈரத்துக்கு உலர்த்திவிட்டால் இந்தத் தொல்லை மூன்றில் ஒரு பங்காகும். எக்ஸ்ட்ரூடர் சூடும் உமி அடுப்பு உலர்த்தியும் உதவுவது இங்கேதான்.

இரண்டாவது இழப்பு. ஒவ்வொரு சுற்றிலும் 1 சதவீதம்தான் காணாமல் போகிறது என்றால் அது 76 கிலோ, கிட்டத்தட்ட 96 லிட்டர். லிட்டர் 70 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால் நாளுக்கு 6,700 ரூபாய் காற்றில். இணைப்புகளை இறுக்கி, தவிட்டில் ஒட்டிய சாராயத்தை நீராவியில் உதறி எடுத்து, இந்த ஒரு சதவீதத்தைக் கால் சதவீதமாக்கினால்தான் தொழில் நிற்கும். இயந்திரம் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: ஒரு டன் தவிட்டுக்கு எத்தனை லிட்டர் சாராயம் போகும்? எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் பேச்சை மாற்றினால் கிளம்பி வந்துவிடலாம்.

அப்புறம் உரிமச் சங்கதி ஒன்று. இது சாராயம். மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் உரிமம், இருப்புப் பதிவேடு, ஆய்வு எல்லாம் உண்டு. 96 லிட்டர் காணாமல் போனால் பணம் மட்டும் போகாது, அது எங்கே போனது என்றும் பதில் சொல்ல வேண்டும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் என்று ஒரு மாற்று உண்டு. குடிக்க முடியாதது, எண்ணெயையும் இன்னும் நன்றாகவே கரைக்கும். ஆனால் உண்ணும் சரக்கு, இயற்கை என்று விற்கும்போது எரிசாராயத்துக்கு இருக்கும் நல்ல பெயர் அதற்கு இல்லை. இரண்டுமே தீப்பிடிப்பவை. பச்சை இலை ஒட்டியிருப்பதால் பாதுகாப்பு வேலி தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தண்ணீர்

தண்ணீரைவிடப் பசுமையானது ஏது என்று தோன்றும். இங்கேதான் நான் அதிகம் ஏமாந்திருக்கிறேன், படிக்கிற காலத்தில்.

நொதி முறையில் தவிட்டை ஐந்து முதல் பத்து மடங்கு தண்ணீரில் கரைத்து, செல் சுவரை உடைக்கும் நொதிகளையும் புரதத்தை நறுக்கும் நொதிகளையும் சேர்த்து, 50 டிகிரிச் சுற்றில் சில மணி நேரம் கலக்குவார்கள். எண்ணெய் வெளியே வரும், ஆனால் புரதத்தோடு சேர்ந்து மோர் போல் நுரைத்து நிற்கும். அந்தப் பால்மத்தை உடைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். எண்ணெய் அளவும் ஹெக்சேனுக்குக் குறைவுதான். புரதக் கரைசல் கூடவே கிடைக்கிறது என்பது உண்மையான பலம். ஆனால் அதை விற்க உலர்த்தியாக வேண்டும். 10 டன் தண்ணீரை ஆவியாக்க இரண்டரை டன் உமி ஆகும். ஏற்கெனவே நெல் ஊறவைத்த தண்ணீரின் நாற்றத்துக்கே அக்கம்பக்கத்தாரிடம் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் மில்லுக்கு இன்னொரு கழிவுநீர்த் தொட்டி தேவையா?

அழுத்தத்தில் அடைத்த வெந்நீர் சுவாரசியமான உறவினர். தண்ணீரைக் கொதிக்கவிடாமல் சூடேற்றினால் அதன் குணமே மாறும். எந்த மாதிரிப் பொருளைக் கரைக்கும் என்பதற்கு அளவுகோலான அதன் மின்கடவாப் பண்பு எண், 250 டிகிரியில் 80லிருந்து 27 அளவுக்கு இறங்கி, மெத்தனால், எத்தனால் பக்கம் வந்துவிடுகிறது. அவ்வளவு கூடத் தேவையில்லை. 180 டிகிரிக்கு 10 பார் அழுத்தம் போதும். நெல் அவிக்கும் கொதிகலன்களில் இந்த அழுத்தத்தில் ஓடுபவை உண்டு! இந்த வெந்நீர், சாராயமும் கரியமில வாயுவும் தொடாத பகுதியைத் தொடும். செல் சுவரின் அரபினோசைலான் நாரும் அதோடு ஒட்டிய ஃபெருலிக் அமிலமும் கரைசலுக்கு வரும். எண்ணெய் எடுத்த பின் மிஞ்சும் ஒன்றரை டன்னை என்ன செய்வது என்ற கேள்விக்கு நீண்ட காலத்தில் இதுதான் பதிலாக இருக்கலாம். இன்றைக்கு இல்லை. சில நிமிடம் கூடினால் சர்க்கரை கருகி ஃபர்ஃபுரால் என்ற வேண்டாத பொருள் உண்டாகிவிடும், சாறும் நீர்த்துப்போய்த்தான் வரும்.

தண்ணீர் வழிகள் எல்லாவற்றிலும் இன்னொரு எச்சரிக்கை உண்டு. நெல் மண்ணிலிருந்து ஆர்செனிக்கை எடுத்துக்கொள்ளும் பயிர். அந்த ஆர்செனிக் அரிசியின் உட்பகுதியைவிடத் தவிட்டில் செறிந்திருக்கும். அது நீரில் கரையும் வடிவில் இருப்பதால் தவிட்டு நீர்ச்சாற்றில் இன்னும் செறியும், எண்ணெய்க்குள் அவ்வளவாகப் போகாது. பூச்சிமருந்து எச்சங்களில் பல இதற்கு நேர்மாறு, எண்ணெயோடு போகும். உடல்நலப் பொருள் என்று பெயர் போட்டு விற்கும் முன் எதைச் சோதிக்க வேண்டும் என்பது எதை ஊற்றினோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

மற்ற தாள்களை வேகமாகப் புரட்டினேன். அல்ட்ராசவுண்டும் மைக்ரோவேவும் தனி வழிகள் அல்ல, துணைக்கருவிகள். 20 கிலோஹெர்ட்ஸ் அதிர்வில் சின்னக் குமிழிகள் வெடித்துச் செல்களைக் கிழிக்கும். மணிக்கணக்கு நிமிடக்கணக்காகும். ஆனால் கரைப்பானை மீட்கும் செலவு அப்படியே இருக்கும், நுண்தூள் தொல்லை கூடவே செய்யும். ஆய்வுக்கூடக் குடுவையில் நேரத்தை மிச்சப்படுத்துவது பெரிய விஷயம். மில்லில் நேரம் ஒரு பிரச்சினையே இல்லை, தவிடு இரவெல்லாம் ஊறட்டுமே.

ஆழ் யூடெக்டிக் கரைப்பான்கள் என்றொரு தாளும் இருந்தது. மூலக்கூறு எண்ணிக்கையில் கோலின் குளோரைடு ஒரு பங்கு, யூரியா இரண்டு பங்கு: இரண்டும் திடப்பொருள், கலந்தால் 12 டிகிரிக்கு மேல் திரவம். இந்தக் கோலின் குளோரைடு வேறொன்றுமில்லை, நாமக்கல் கோழிப் பண்ணைகளில் தீவனத்தில் கலப்பதுதான். மலிவு, பாதுகாப்பு, ஆவியாகாது. அந்த ஆவியாகாத குணமே இதற்கு வினை. சத்து கரைந்த பிறகு அதைக் கரைப்பானிலிருந்து எப்படிப் பிரிப்பது? சத்தை ஒட்டவைத்துப் பிடிக்கும் செயற்கைப் பிசின் மணிகளோ மறுபடி தண்ணீரோ தேவைப்படும். கரைப்பானோடு சேர்த்தே விற்கும் அழகுப் பொருளாக இருந்தால் ஒழிய, மில்லுக்கு இது எட்டாது.

ஒரைசனால் எங்கே தொலைகிறது?

எந்தத் தாளிலும் இல்லாத ஒன்றை நான் நண்பரிடம் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னேன், அவருடைய ஆசையில் மண் போடுவது போல் இருக்கும் என்பதால்.

ஒரைசனாலை எடுப்பது ஹெக்சேனுக்கு ஒரு கஷ்டமே இல்லை. எண்ணெயோடு சேர்ந்து கச்சா எண்ணெய்க்கு வந்துவிடுகிறது. அது தொலைவது சுத்திகரிப்பில். கொழுப்பமிலத்தை நீக்கக் காஸ்டிக் சோடா போடும்போது ஒரைசனாலும் காரத்தோடு சேர்ந்து சோப்புக் கசடுக்குள் போய்விடும். பத்தில் எட்டு, ஒன்பது பங்கு வரை. அதற்குப் பதில் காரம் போடாமல், வெற்றிடத்தில் நீராவி கொண்டு கொழுப்பமிலத்தை ஓட்டும் முறையில் ஒரைசனால் பெரும்பாலும் எண்ணெயிலேயே தங்கும். அதற்கு முன் பிசினை நன்றாக நீக்கியாக வேண்டும். அதற்கு நொதியைப் பயன்படுத்தும் முறையை ஹைதராபாத்தில் உள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம் தவிட்டெண்ணெய்க்கென்றே உருவாக்கியிருக்கிறது.

ஆக நாட்டில் ஒரைசனால் மலைபோல் குவிந்திருப்பது மில்லில் இல்லை, சுத்திகரிப்பு ஆலையின் சோப்புக் கசடில். நூற்றுக்கணக்கான டன் தவிட்டின் ஒரைசனால் ஓரிடத்தில், ஏற்கெனவே பல மடங்கு செறிந்து கிடக்கிறது. அங்கிருந்து எரிசாராயம் போன்ற சாதுவான கரைப்பானால் பிரித்தெடுப்பவரோடு, நாளுக்கு ஆறு கிலோவுக்காகப் புதிதாகக் கலன் வாங்குபவர் போட்டி போட முடியாது. தூய ஒரைசனால் பொடி விற்கும் கனவை நண்பர் விட்டுவிடுவது நல்லது என்பது என் முடிவு. கொதிகலன் பொருந்தினாலும் சாராயம் இரண்டு டன்னுக்கு வேண்டாம். சுற்றுவட்டாரத்தில் பத்துப் பதினைந்து மில்கள் சேர்ந்து 20, 30 டன் தவிட்டைத் திரட்டி, கார சுத்திகரிப்பில்லாத, ஒரைசனால் போகாத எண்ணெய் என்று விற்க முன்வந்தால் அன்றைக்குச் சாராய வழியைத் தூசு தட்டி எடுக்கலாம்.

கறுப்புக் கவுனி மாதிரி நிற அரிசி அரைப்பவர் என்றால் வேறு பதில் சொல்வேன். அதன் நிறமிகள் முழுக்கத் தவிட்டு அடுக்கில்தான், நீரிலும் நீர்த்த சாராயத்திலும் சுலபமாகக் கரையும். கொஞ்சம் சிட்ரிக் அமிலம் சேர்த்தால் நிறம் நிலைக்கும். சூடுதான் ஆகாது. எண்ணெயை விட்டுவிட்டு இதை மட்டும் சிறு அளவில் எடுக்கலாம். ஆனால் கவுனியை வாங்குபவர் அந்தக் கறுப்புக்காகத்தானே வாங்குகிறார், அதைத் தீட்டித் தவிடாக்கி அதிலிருந்து கறுப்பை எடுப்பானேன்? உடைந்த குருணையோடு வரும் தவிட்டுக்கு வேண்டுமானால் சரி.

நண்பரிடம் கடைசியில் சொன்னது இவ்வளவுதான். இந்த வாரமே இரண்டாவது தொட்டி. பச்சைத் தவிட்டுக்குச் சிறிய எக்ஸ்ட்ரூடர் ஒன்று, விலை விசாரிக்கலாம். கெடாத தவிட்டைக் கால்நடைத் தீவனத்துக்கு மட்டுமல்ல, ரொட்டி, பிஸ்கட் செய்பவர்களுக்கும் விற்க முடியும். அது ஒரைசனால், நார், புரதம் எல்லாம் உள்ளேயே இருக்கும் சரக்கு, கரைப்பானே தொடாதது. தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. நெல் பதப்படுத்தலுக்கென்றே தொடங்கி வளர்ந்த இடம். சோதனை ஓட்டத்துக்கு அங்கே பேசிப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் தன் தவிட்டில் தனிக் கொழுப்பமிலம் எவ்வளவு என்று தானே அளக்க வேண்டும். தீட்டிய உடன், ஆறு மணி நேரம் கழித்து, மறுநாள் என்று மூன்று மாதிரி. புழுங்கலுக்கு மூன்று, பச்சைக்கு மூன்று. எண்ணெயைக் கொஞ்சம் கரைத்து எடுத்து, சாராயத்தில் கலந்து, காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு இளஞ்சிவப்பு வரும் இடத்தைக் குறித்துக்கொள்வது பிளஸ் டூ வேதியியல் படித்த பிள்ளைக்குத் தெரிந்த வேலைதான்.

தாள்களைச் சுருட்டிக்கொண்டு போனார். கரியமில வாயுத் தாளை மட்டும் மடிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதைக் கவனித்தேன். நான்கு நாள் கழித்து போன் வந்தது. தொட்டி வந்துவிட்டதாம், மகள் பியூரெட்டைக் கழுவி வைத்திருக்கிறாளாம். அந்த இளஞ்சிவப்பைக் காட்டும் ஃபீனால்ஃப்தலீன் தஞ்சாவூரில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார்.